குப்பை என்னும் சொல்

உழவுக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஏரோட்டுவதினும் எருவிடுவதே நன்று என்று கருதினார். உழவையே காணாத நகரத்தில் வாழும் நமக்கு இக்கருத்து எட்டாத தொலைவில் உள்ளதென்று தோன்றலாம். மும்பையில் மண் அரிது. மண் தென்படும் இடத்தில் அடுத்த ஆண்டே மாடி எழுந்துவிடுகிறது. ஆயினும் எருவைப் பற்றிய எண்ணம் வேறெந்த ஊரினும் இவ்வூருக்கே மிகுதியும் தேவை என்பது நம் துணிபு.

நம் தந்தையார் நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர். அச்சிற்றூரில் குப்பை என்றால் எரு என்றே பொருள். மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் காய்த்தோலும் சருகும் வீட்டின் பின்புறக் குழியில் சேரும். உழவு தொடங்குமுன் அவற்றை வண்டியேற்றி வயலுக்குக் கொண்டு செல்வார்கள். அதற்குக் 'குப்பை அடித்தல்' என்று பெயர். அச்சொல் நம்மவரோடு ரயிலேறிப் பம்பாய்க்கு வந்தபோது பொருள் மாறிப்போயிற்று. இங்குக் குப்பை என்பது கண்ணில் படாமல் அகற்றப்பட வேண்டியது. அகன்றபின் எங்கே போகிறது என்று எவரும் கேட்பதில்லை.

அது போகுமிடம் நமக்கு அணித்தே இருக்கிறது. செம்பூருக்கு அருகிலுள்ள தேவ்னார்க் குப்பைமேட்டில் 1927 முதல் நகரத்தின் கழிவு கொட்டப்பட்டு வந்தது. உணவுக் கழிவு காற்றுப் புகாமல் அடுக்கடுக்காய்ப் புதையுண்டு அழுகினால் மீத்தேன் என்னும் எரிவளி பிறக்கிறது. 2016 ஜனவரி இறுதியில் அம்மேடு தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்தது. விண்ணிலிருந்து எடுத்த படங்களிலும் அப்புகை தெரிந்தது. மாநகராட்சிப் பள்ளிகள் சில மூடப்பட்டன. நகரம் முழுவதும் அன்று மூக்கைப் பொத்திக்கொண்டது. ஆனால் அம்மேட்டின் நிழலிலேயே வாழ்பவர்கள் கோவண்டி, சிவாஜி நகர்ப் பகுதிகளின் எளிய மக்கள். மாட்டுங்காவில் சாம்பாருக்கு நறுக்கிய பூசணியின் தோல், கோவண்டியில் ஒரு குழந்தையின் மூச்சில் போய் முடிகிறதென்றால், அது வெறும் துப்புரவுச் செய்தியன்று; அறத்தைப் பற்றிய கேள்வி.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகக் கோப்புகளுக்கிடையே நாள் கழிப்பவர். எனவே அரசுசார் நிறுவனம் ஒன்றின் உணவுக்கூடத்தில் நிகழ்ந்த மாற்றம் நம் நெஞ்சைக் கவர்ந்தது. மும்பைத் துறைமுகத்தின் மைய சமையற்கூடத்தில் உணவுப் பிரிவு அதிகாரியாக இருந்தவர் பிரீத்தி பாட்டீல். நாள்தோறும் மிஞ்சும் காய்த்தோலையும் கழிவையும் என்ன செய்வதென்ற கேள்விக்கு, 2002-ஆம் ஆண்டில் அவர் கண்ட விடை, அச்சமையற்கூடத்தின் மொட்டை மாடி. கழிவு அங்கேயே எருவாயிற்று; எருவில் கீரையும் காயும் கனிமரங்களும் தழைத்தன. தோட்டக் கலையறியாத சமையற்கூடப் பணியாளர்களே அதைப் பேணினர். பின்னர் 'அர்பன் லீவ்ஸ்' என்னும் அமைப்பு அவர் முயற்சியில் உருவாகி, மாட்டுங்காவில் டான் பாஸ்கோ பள்ளியின் மாடியிலும் தோட்டம் கண்டது.

அவர்கள் கையாண்ட முறைக்கு வேர், கோலாப்பூரில் வாழ்ந்த கணித ஆசிரியர் ஸ்ரீபாத தாபோல்கரின் சிந்தனையில் உள்ளது. சருகுகளைச் சாணம், கோமியம், வெல்லம் கலந்த நீரில் ஊறவைத்து அடுக்கி மண்ணாக்கும் முறை அது. 'பிரயோக் பரிவார்' என்ற பெயரில் அவர் உழவர்களை ஒருவருக்கொருவர் ஆசிரியராக்கினார். தம் நிலத்தில் செய்து பார்த்ததை அயலாருக்குச் சொல்வதே அங்குப் பாடம். கல்வியின் இவ்விலக்கணம் நம் மூதாட்டியர்க்குப் புதிதன்று. எழுதப் படிக்க அறியாத அவர்கள் எருக்குழியின் பக்குவத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் கைப்பழக்கமாகவே தந்தனர்.

தாராவியின் ஓரத்திலேயே இதற்கொரு சான்று நிற்கிறது. மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா உள்ள 37 ஏக்கர் நிலம், ஒருகாலத்தில் நகரத்தின் குப்பை கொட்டுமிடம். 1983-இல் பறவையியல் அறிஞர் சலீம் அலியின் வழிகாட்டலில் அங்கு மரம் நடத் தொடங்கினர். 1994-இல் பூங்கா திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் இயற்கையைக் கற்க அங்கே வருகின்றனர். நம் மகள் அங்குச் சென்று திரும்பிய அன்று, "அப்பா, அந்தக் காட்டுக்கு அடியில் முழுக்கக் குப்பையாமே!" என்று வியந்தாள். அடியிலுள்ளதை அறிந்தபின்னும் அவள் அதைக் காடு என்றே சொன்னது நமக்கு மகிழ்ச்சி தந்தது.

2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஈரக் கழிவையும் உலர் கழிவையும் வீட்டிலேயே பிரிக்கப் பணித்தன. விதியை ஏட்டில் எழுதுவது எத்துணை எளிது, அது பழக்கமாவது எத்துணை அரிது என்பதை எழுத்தர் நன்கறிவார். பழக்கத்திற்கு இடம் பெரிதாக வேண்டியதில்லை. தாராவியில் ஒற்றை அறையில் எங்களை வளர்த்த அன்னையார், வாசற்படியருகே பழைய எண்ணெய்த் தகரம் ஒன்றில் கறிவேப்பிலை வளர்த்தார். அரிசி களைந்த நீர் அதற்கு. அதன் கொழுந்து அண்டை வீடுகள் நான்கிற்கு. மண்ணை விட்டு வந்தவர் மண்ணின் அறிவை விடவில்லை.

நம் சங்கங்கள் பொங்கல் விழாவை ஆண்டுதோறும் சீரோடு நடத்துகின்றன. நிலத்திற்கும் மாட்டிற்கும் நன்றி கூறும் அந்நாளில், விருந்துண்டு மடித்த நூற்றுக்கணக்கான வாழையிலைகள் வண்டியேறிச் செல்கின்றன. அவற்றைச் சங்க வளாகத்திலேயே, வளாகமில்லையெனில் அருகிலுள்ள பள்ளி அல்லது கோயிலின் இசைவோடு, சருகு கலந்து காற்றோட்டமுள்ள தொட்டிகளில் இட்டுவைத்தல் அரிய செயலன்று. இரண்டு மூன்று திங்களில் அது கரிய எருவாகும். துழாவும் பணியைச் சிறுவர்க்கும், பக்குவம் பார்க்கும் பணியை ஊரில் உழவு கண்ட முதியோர்க்கும் அளிக்கலாம். தமிழ் வகுப்பில் கற்பிக்க இயலாத பல சொற்கள் அத்தொட்டியருகே தாமே பிறக்கும்.

அவ்வெருவில் வளர்ந்த கறிவேப்பிலைக் கன்றொன்றைக் குடும்பத்திற்கு ஒன்றாக வழங்குவோம். 'இது குப்பையில் வளர்ந்தது' என்று நம் பிள்ளைகள் பெருமையோடு சொல்லும் நாளில், அச்சொல் தன் பழைய பொருளைத் திரும்பப் பெற்றிருக்கும்.