அன்று பெஞ்சு மேல் நிறுத்திய பையனுக்கு

என் மூட்டுவலி இப்போது பரவாயில்லை. இன்று எழுதப்போவது முப்பது வருஷத்துக்கு மேலாக என் மனசில் கிடக்கும் ஒரு விஷயம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991ஆம் வருஷம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாபநாசத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போனோம். ஆளுக்கொரு புளியோதரைப் பொட்டலம். அடுத்த வாரம் அறிவியல் வகுப்பில் நம்ம தாமிரபரணிச் சிப்பியைப் பற்றிப் பாடம் நடத்தினேன். ஓட்டைத் தரையில் உரசி ஓட்டை போட்டு மாங்காய் சீவுவோமே, அதே சிப்பிதான். "சுத்தமான தண்ணீரில்தான் சிப்பி வாழும், எழுதிக்கோங்க" என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். அவன் அப்பா ஆற்றில் மீன் பிடிப்பவர். "டீச்சர், பாபநாசத்துல தண்ணி பளிங்கு மாதிரி இருந்துச்சு. தேடிப் பாத்தேன், ஒரு சிப்பிகூட இல்ல. நம்ம படித்துறைல கலங்கலாத்தான கெடக்கு, இங்க கெடக்குதே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அதிகப்பிரசங்கி, ஏறு பெஞ்சு மேல" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க அவன் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

போன மாதம் விலங்கியல் படிக்கும் என் பேத்தி வந்திருந்தாள். இந்தக் கதையைச் சொன்னேன். "ஆச்சி, அந்தப் பையன் சொன்னதுதான் சரி" என்று சொல்லிவிட்டு எனக்குப் பாடம் எடுத்தாள்.

சிப்பி பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு வாழ்வது. அதற்கு மணலும் வண்டலும் கலந்த, அடிக்கடி இடம் மாறாத தரை வேண்டும். பாபநாசத்தில் பாறையும் பாய்ச்சலும்தான். சிப்பி எங்கே கால் ஊன்றும்? அடுத்தது சாப்பாடு. தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் மிதக்கும் பாசித் துகள்களை வடிகட்டித் தின்பது அது. பளிங்குத் தண்ணீரில் அதற்குத் தட்டு காலி. மூன்றாவது, ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மலையின் கடினப் பாறை மேல் ஓடி வரும் நீரில் அது குறைவு. சமவெளியில் ஓட ஓடத்தான் சேரும்.

இன்னொன்றைக் கேட்டு அசந்துபோனேன். நம்ம ஆற்றுப் பெரிய சிப்பியின் குஞ்சுகள் பிறந்ததும் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு சில நாள் வாழுமாம். பிறகு உதிர்ந்து தரையில் இறங்குமாம். மீன் வராத இடத்தில் சிப்பியும் பெருகாது. மீன் பிடிப்பவர் மகனிடம் பொறுமையாகப் பேசியிருந்தால் நாங்கள் இருவருமே எவ்வளவோ கற்றிருப்போம்!

நான் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. சாக்கடையிலிருந்து வரும் அம்மோனியா சிப்பிக் குஞ்சுகளை முதலில் கொன்றுவிடும். சேறு கனமாகப் படிந்தால் பெரியவையும் மூச்சுத் திணறும். ஆனால் தெளிவு வேறு, சுத்தம் வேறு. அந்த வித்தியாசம் டீச்சருக்குத் தெரியவில்லை, பத்து வயசுப் பையன் கண்ணில் பட்டிருக்கிறது.

மறுநாள் இருவரும் படித்துறைக்குப் போனோம். மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கரையோரம் ஆகாயத்தாமரை. அரை மணி நேரம் தேடியதில் கிடைத்தது நாலைந்து வெற்று ஓடுகள். உயிரோடு ஒன்றுகூட இல்லை. பேத்தி ஒரு ஓட்டைக் கழுவி என் கையில் கொடுத்தாள். அதை மேசை மேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தம்பி, உனக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். பெயரை இங்கே எழுதவில்லை, உனக்குத் தெரியும். உன் கேள்வி சரி. தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள். அவன் கூடப் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் அவனிடம் சேர்த்துவிடுங்கள்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். ஒரு பிள்ளை எழுந்து "இல்லையே டீச்சர்" என்றால், "எங்கே பார்த்தாய், சொல்லு" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்