பனங்கட்டிக் குட்டானும் பன்னிரண்டு தாள்களும்

சென்ற ஆண்டு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த வேளையில், அயல் வீட்டு அக்கா தம் மகளுடன் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அக்காவின் கையில் ஒரு பனங்கட்டிக் குட்டான் இருந்தது; மகளின் கையில் ஒரு வெற்றுக் கொப்பி இருந்தது. குட்டான் எமக்கு என்பது உடனே தெரிந்தது. கொப்பியும் எமக்குத்தான் என்பது சற்று நேரத்தின் பின்னரே தெரிந்தது.

அக்கா கணவரை இழந்த பின் வீட்டு விறாந்தையையே கடையாக்கி, பனங்கட்டி, ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு முதலியவற்றை விற்றுச் சீவிப்பவர். சீவல் தொழிலாளர் இருவர் குடும்பத்திடமும், கிழங்கு அவித்துக் காயவைக்கும் பெண்கள் சிலரிடமும் வாங்கி, துப்புரவாக்கி, நிறுத்துக் கட்டிக் கொழும்புக்கு அனுப்புகின்றார்; ஊருக்கு வந்து திரும்புவோர் கையிலே கனடாவுக்கும் இலண்டனுக்கும் கொடுத்து விடுகின்றார். மகள் எம்மிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் படித்தவள். ஒவ்வொரு பொதியினுள்ளும் ஒரு தாள் வைக்க வேண்டும். அதிலே மாதந்தோறும் படிக்கத்தக்கதாக ஏதேனும் இருக்க வேண்டும். படித்தவர்கள் கடையை மறவார்கள் என்பது அவளுடைய எண்ணம். புதுத் தராசும் பொதி ஒட்டும் யந்திரமும் வாங்குவதற்காக அவளுடைய காப்புச் சோடி அடகிலே இருந்தது. ஆகவே இது விளையாட்டுக் காரியமன்று.

"பன்னிரண்டு மாசத்துக்குப் பன்னிரண்டு விஷயம் வேணும், சேர். எனக்கு ரண்டுக்கு மேலை வருதில்லை" என்றாள்.

பன்னிரண்டு என்ன, இருபத்துநான்கே தருவோம் என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பினோம். அன்றிரவே எழுத உட்கார்ந்தோம். பனையைக் கற்பகதரு என்று விளித்து, தாலவிலாசம் கூறுவதாகச் சொல்லப்படும் எண்ணூற்றொரு பயன்களையும் தொட்டுக்காட்டி, மூன்று பக்கம் எழுதி முடித்தபோது எம்மையே நாம் மெச்சிக்கொண்டோம். மறுநாள் அக்கா மகளைக் கொண்டு அதனை உரக்க வாசிப்பித்துக் கேட்டார். முடியுமட்டும் பொறுமையாக இருந்தார்.

"நல்லாய்த்தான் கிடக்கு, தம்பி. ஆனால் இதிலை என்ரை பனங்கட்டி எங்கை?"

இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கட்டுரைகளிலே 'பொருளை விட்டு விலகல்' என்று சிவப்பு மையால் எழுதி வரும் எமக்கு, அந்தக் கேள்வி நன்றாகவே உறைத்தது.

நிற்க. வணிகர் ஒருவர் பொருளோடு வாசிப்பையும் கொடுப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகத்தை நடத்திய க. கனகராசா அவர்கள் 'மில்க்வைற் செய்தி' என்னும் மாத ஏட்டினை 1970களிலும் 1980களிலும் வெளியிட்டு வந்தமையை மூத்த தலைமுறையினர் மறந்திரார். அறிஞர் க. சி. குலரத்தினம் அவர்கள் அதன் ஆசிரியராக இருந்து உழைத்தவர். எம் தந்தையார் அவ்விதழ்களை நூலிலே கோத்து வைத்திருந்தார். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது பெட்டகத்தை விட்டுப் போனோம்; மறு ஆண்டு திரும்பி வந்தபோது கறையான் தின்றது போக ஒரு சிலவே எஞ்சியிருந்தன. அவற்றை இப்போது வெளியில் எடுத்துப் பார்த்தோம். சமயம், ஊர்ச் சரித்திரம், பெரியோர் வரலாறு, பனை நடுகை என்று பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. சவர்க்காரத்தின் புகழோ மிகச் சிறிதே. பனை விதை நடவேண்டும் என்று ஊரூராக முயன்றவர் அவர். அதனைத் தம் தாளிலும் சொன்னார்.

மேல்நாட்டாரும் இவ்வழியை அறிந்தவரே. அமெரிக்காவிலே கலப்பை செய்யும் ஜோன் டியர் நிறுவனத்தார் 1895ஆம் ஆண்டில் உழவர்க்கென ஒரு சஞ்சிகை தொடங்கினர். பிரான்சிலே ரயர் செய்யும் மிச்செலின் சகோதரர்கள் 1900ஆம் ஆண்டில் மோட்டார் ஓட்டுவோர்க்கு வழிகாட்டி நூல் ஒன்றினை இலவசமாகவே கொடுத்தனர். எங்கே தங்கலாம், எங்கே வண்டியைத் திருத்தலாம் என்று அது சொல்லும். ஓட்டுபவர் நெடுந்தூரம் ஓட, ரயர் தானே தேயும்!

இவற்றையெல்லாம் நாம் விரித்துரைக்க, மகள் கேட்டுவிட்டு, "அவையிட்டைச் சொல்ல ஆள் இருந்தது, சேர். எங்களிட்டை ஆர் இருக்கினம்?" என்றாள். அதற்கு எம்மிடம் விடையில்லை. அடுத்த சனிக்கிழமை வெற்றுக் கொப்பியுடன் அக்காவின் விறாந்தையிலேயே போய் உட்கார்ந்துகொண்டோம்.

காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி வரை வந்தவர் பதினேழு பேர். வாங்கியவர் பதினொருவர். ஆனால் கேள்வி கேளாதவர் ஒருவருமில்லை. இது சீனி கலந்ததோ என்றார் ஒருவர். சீவுகிறவரையும் தெரியும், காய்ச்சுகிற அடுப்பையும் தெரியும் என்றார் அக்கா. மாரி காலத்தில் பனங்கட்டி ஏன் கசிகிறது என்றார் ஓர் அம்மையார். ஈரக்காற்றை அது உறிஞ்சும், இறுக்கமான மூடியுள்ள போத்தலிலே போட்டு வைக்கவேண்டும் என்பது விடை. கருப்பணி முட்டிக்குள் ஏன் சுண்ணாம்பு பூசுகிறார்கள் என்று கொழும்பிலிருந்து வந்த பையன் ஒருவன் கேட்டான். பூசாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும் என்று அக்கா சொன்னதும் அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஒரே பாளையிலிருந்து வடிவது, ஒரு விரற்கடைச் சுண்ணாம்பினால் பிள்ளைக்கு இனிப்பாகவும், அஃதின்றேல் தகப்பனுக்கு வெறியாகவும் ஆகின்றதென்பதை நாமும் அன்றுதான் எண்ணிப் பார்த்தோம். ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் என்ன வேற்றுமை என்று கேட்டவள் புதிதாக மணமான பெண். பச்சைக் கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். மாமியாரிடம் கேட்க வெட்கப்பட்டுக் கடையில் கேட்டாளாம். நண்பகலுக்குள் கொப்பியிலே ஒன்பது விஷயம் ஏறிவிட்டது. ஒன்றேனும் எம் மூளையிலே பிறந்ததன்று.

பத்தாவது கேள்விதான் வில்லங்கமாயிற்று. இளைப்பாறிய உத்தியோகத்தர் ஒருவர் இரண்டு கிலோ நிறுக்கச் சொல்லிவிட்டு, "பிள்ளை, எனக்குச் சலரோகம். பனங்கட்டி எண்டால் பிழையில்லைத்தானே?" என்றார். மகள் வாய் திறக்குமுன் அக்கா, "அதுவும் இனிப்புத்தான் ஐயா. டொக்டரைக் கேட்டுப்போட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டார். அவர் வெறுங்கையோடு போனார்.

அவர் சைக்கிள் ஒழுங்கை திரும்பியதுதான் தாமதம், மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு கடைக்காரர் 'சலரோகத்துக்கு உகந்தது' என்று பொதியிலேயே அச்சிடுகிறார்களே, நாங்கள் மட்டும் ஏன் வந்த ஆளைத் துரத்துகிறோம் என்றாள். அடகு வட்டியை நினைவூட்டினாள். பின்பு எம் பக்கம் திரும்பி, அதையே முதல் தாளாக எழுதித் தரும்படி கேட்டாள். நாம் எழுதினால் ஊரார் நம்புவார்கள் அல்லவா?

பனங்கட்டியிலே பெரும்பங்கு சீனியிலுள்ள அதே இனிப்புப் பொருளே. தீட்டாத பண்டமாகையால் சிறிதளவு தாதுப் பொருள்கள் அதில் எஞ்சியிருக்கும், அவ்வளவே. சலரோகக்காரர் கணக்கின்றி உண்ணலாம் என்று எழுதுவது பொய். நாம் மறுத்துவிட்டோம். மறுப்பது எமக்கு எளிது. மாதம் முடியச் சம்பளம் வரும். அதை அவள் வாயால் சொல்லவில்லை, முகத்தால் சொன்னாள். அக்காவோ குட்டான்களை அடுக்கிக்கொண்டே, "அந்த மனுசன் நாளைக்குக் காலிலை புண்ணோடை வந்து நிண்டால், நான் ஆற்றை முகத்திலை முழிக்கிறது?" என்றார். பேச்சு அத்துடன் நின்றது.

இரண்டு நாள் கழித்து மகளே எழுதிக்கொண்டு வந்தாள். தலைப்பு 'பனங்கட்டியும் இனிப்பே'. எட்டு வரிதான். நாம் ஓர் ஒற்றுப்பிழை மட்டும் திருத்தினோம். அம்மாதம் விற்பனை கூடவில்லை என்பதையும் மறைக்காது சொல்லவேண்டும்.

மற்றொரு தாள் எம்முடையது. 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையினால் சவர்க்காரம் யானை விலை, குதிரை விலை விற்றபோது, எம் அன்னையார் பனம்பழத்தைப் பிசைந்து அக்களியிலே எம் பள்ளிச் சட்டையைத் தோய்ப்பார். வெயிலிலே மஞ்சள் வெளிறிவிடும். மணம் மட்டும் போகாது. ஒருநாள் கொடியிலே காய்ந்த சட்டையின் கையை அயல் வீட்டுப் பசு முழுவதுமாகச் சப்பித் தீர்த்துவிட்டது. அரைக்கைச் சட்டை ஒருகைச் சட்டையாயிற்று. அன்று பள்ளிக்குப் போகாமல் இருக்க நல்ல நியாயம் கிடைத்ததென்று மகிழ்ந்தோம். அன்னையார் தம் பழஞ்சேலையிலே கை தைத்துப் போட்டு அனுப்பிவிட்டார். பசு யாருடையது? அக்காவின் தகப்பனாருடையதுதான். இந்தத் தாளை வாசித்துவிட்டு அக்கா, முப்பது வருடம் கழித்து வழக்கு வைக்கிறீரோ என்று கேட்டார்.

ஆவணி மாதத்திலே ரொறன்ரோவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒருவர், எங்கள் தாள் ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்து தந்தார். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, வடித்து, கைப்பு நீக்கிக் கூழ் காய்ச்சும் முறை அதில் எழுதப்பட்டிருந்தது. அதன் பின்புறத்திலே அவருடைய தாயார் நடுங்கும் கையெழுத்தில் பென்சிலால் நாலு வரி எழுதியிருந்தார். ஒருமுறை ஊறவிட்டால் போதாதாம்; தம் தாயார் காலத்தில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிடுவார்களாம். கடைசி வரி ஒரு கேள்வி: 'நீங்கள் பலாக்கொட்டை போடுறேல்லையோ?'

அக்கா அதை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "போடுறனாங்கள்தான். எழுத மறந்துபோனம்" என்றார். மகள் கொப்பியைத் தேடி உள்ளே போனாள்.