டேவிசனும் பான்ஜோவும்

ஆர்ச்சிபால்ட் டேவிசன் என்ற பெயர் நம்மில் அநேகருக்கு எதையும் நினைவூட்டாது. நடைபாதைப் பழைய புத்தகக் கடையில், 1940-ல் வெளிவந்த 'கோரல் கண்டக்டிங்' என்ற சின்னப் புத்தகம் மூலமாகத்தான் எனக்கே அறிமுகம். மேற்கத்திய சங்கீதத்தில் எனக்குப் பயிற்சி கிடையாது. ஆனால் இந்த மனிதர் எதிர்கொண்டது சங்கீதப் பிரச்னை மட்டுமில்லை.

1883-ல் பாஸ்டனில் பிறந்தவர். ஹார்வர்டில் 1908-ல் டாக்டர் பட்டம், பாரிஸில் விடோரிடம் ஆர்கன் பயிற்சி. விஷயம் 1912-ல்தான் ஆரம்பிக்கிறது. ஹார்வர்ட் க்ளீ கிளப் மாணவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவரைக் கூப்பிட்டார்கள். அதுவரை அவர்கள் பாடியவை கல்லூரிப் பாட்டு, கால்பந்தாட்டப் பாட்டு, குடிப்பாட்டு வகையறா. கூட பான்ஜோ, மாண்டலின் கோஷ்டிகள் வேறு. டேவிசன் அவர்கள் முன் பாலஸ்ட்ரினாவையும் பாக்கையும் கொண்டுவந்து வைத்தார். 1919-ல் அவர் முறைப்படி கண்டக்டரான சமயம் பான்ஜோ உறவும் அறுந்தது. பழைய மாணவர்கள் கொதித்தார்கள். 1921 கோடையில் குழு ஐரோப்பா போய்ப் பாடிவிட்டு வந்தது. அதையடுத்து பூலாங்க் இவர்களுக்கென்றே ஒரு பாட்டு எழுதினார்: குடிப்பாட்டு! அதுவும் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தபோது.

பாடியவர்கள் சங்கீத மாணவர்கள் அல்லர் என்பதுதான் எனக்கு முக்கியம். நாளைக்கு வக்கீலாகவும் டாக்டராகவும் பாங்க் அதிகாரியாகவும் ஆகப்போகிறவர்கள். 1928-ல் பாஸ்டன் சிம்பனி, ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஈடிபஸ் ரெக்ஸ்' படைப்பை அமெரிக்காவில் முதன்முதலாக நிகழ்த்தியபோது கோரஸ் இவர்களே. சீரிய கலை நூறு பேருக்குத்தான் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். முன்னூறு பிரதி அச்சடித்துவிட்டு, சிறுபான்மையாக இருப்பதையே தரத்துக்கு அத்தாட்சியாக்கிக்கொள்கிறோம். டேவிசன் காரியத்தில் காட்டியது வேறு. பக்கத்துக் கவுண்டர் நண்பர் ஒருமுறை மௌனியைப் படித்துவிட்டு, "புரியல சார். ஆனா இன்னொரு தரம் படிக்கணும்போல இருக்கு" என்றார். பாலஸ்ட்ரினாவின் முதல் பக்கத்தைப் பார்த்த அந்த மாணவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இருந்தும் எனக்கு ஒரு சங்கடம். கோரஸில் தனிக்குரல் கரைந்தாக வேண்டும். ஒருவர் கை அசைவுக்கு எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு விடவேண்டும். நம் கச்சேரி மரபில் ஒரே ராகம் அரியக்குடியிடம் ஒன்று, ஜி.என்.பி.யிடம் வேறொன்று, அந்த வேறுபாட்டுக்காகத்தான் கேட்கவே போகிறோம். நவீன கவிதை பற்றி எழுதுகிற எவனுக்கும் ஒற்றைக்குரல்மேல் சந்தேகம் வரத்தான் செய்யும். எது நல்ல பாட்டு என்பதையும் டேவிசனேதான் தீர்மானித்தார். பான்ஜோவுக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். ஆனாலும் அவரைக் கூப்பிட்டது மாணவர்கள், நிர்வாகம் திணித்ததல்ல. அதனால் என் தராசு அவர் பக்கம்தான் சாய்கிறது, முழுக்க அல்ல.

அவர் 1961-ல் காலமானார். குழுவில் சேர வந்த ஒரு மாணவனைத் தேர்வில் அவர் தள்ளிவிட்ட கதை ஒன்று உண்டு. அந்த மாணவன் பெயர் ராண்டல் தாம்சன். பின்னால் 1940-ல் அவர் இயற்றிய 'அல்லேலூயா' இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் சளைக்காமல் பாடப்படுவது. டாங்கிள்வுட்டில் அதை முதன்முதலில் நடத்தியவர் வுட்வர்த், டேவிசனின் மாணவர், க்ளீ கிளப்பில் அவருக்குப் பின் வந்தவர்.