நுரை தள்ளும் குதிரை

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களில் இரண்டு கோஷ்டி உண்டு. ஒன்று, கை மரத்துப் போகிறது என்று புலம்பி ஸ்பாஞ்சு க்ரிப் வாங்கி மாட்டும். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் குளிப்பாட்டி, வாயால் ஊதும். இரண்டு பேருக்கும் வியாதி ஒன்றாகவே இருக்கலாம் என்று சொன்னால் இரண்டு கோஷ்டியும் சேர்ந்து நம்மை அடிக்க வரும்.

வண்டியைத் தெரியாத இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. 1985-லிருந்து 1996 வரை இந்தியாவில் தயாரானது. 98 சி.சி., 11 குதிரைசக்தி, டூ-ஸ்ட்ரோக். தயாரிப்பு நின்ற பிறகுதான் விலை ஏற ஆரம்பித்தது. பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தேய்மானம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை இந்த வண்டி மதிப்பதே இல்லை.

என்னுடையது மூன்றாவது கை. முன்னால் வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான், ஸ்பீடு போதாதென்று சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டிருந்தார். அறுபது வரை பரம சாது. அதற்கு மேல் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், என் பல் எல்லாம் ஒரே தாளத்தில் உதறும். கண்ணாடியில் பின்னால் வரும் ஒரு லாரி, இரண்டு லாரியாகத் தெரியும். ஐந்து நிமிஷம் இப்படியே போனால் எஞ்சின் சத்தம் திடீரென்று மெலிந்து இழுவை போய்விடும். ஓரமாய் நிறுத்தி இரண்டு நிமிஷம் கழித்து உதைத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். அதனால் மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்தாயிற்று. மாற்றமில்லை. "பெட்ரோல் பத்தலை சார்" என்று ஒரு மெக்கானிக் ஜெட்டைப் பெரிசாக்கி, ஊசியை ஒரு படி உயர்த்திக் கொடுத்தார். ஊருக்குள் போனால் கொசு மருந்து வண்டி மாதிரி புகை. ஹைவேயில் போனால் பழைய தாகம்.

போன வருஷம் தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். பின் சீட்டில் மச்சினன், அவனுக்குப் பின்னால் தண்ணீர் லாரி.

"மாமா, சத்தம் ஒரு மாதிரி மாறுதே?" என்றான்.

சத்தம் ஒரு மாதிரி மாறினால் யோசிக்காதே, கிளட்சைப் பிடி என்று டூ-ஸ்ட்ரோக் ஓட்டும் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிடித்தேன். எஞ்சின் 'க்ரீச்' என்று நின்றது. வண்டி மட்டும் உருண்டு ஓரம் சேர்ந்தது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. மச்சினன் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

நடந்தது இதுதான்: கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று அதிகமானால் எஞ்சின் கண்டபடி சூடாகும். அலுமினிய பிஸ்டன் வீங்கி சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இதைத்தான் 'சீஸ்' என்கிறார்கள். கிளட்ச் பிடிக்காவிட்டால் அந்தக் கணமே பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். லாரிக்கு முன்னால் அது நடந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

இந்தத் தடவை வேறு மெக்கானிக். பிஸ்டனில் மேலும் கீழுமாக நகத்தால் பிறாண்டிய மாதிரி கோடுகள். தேய்த்துச் சரிசெய்து, தற்காலிகமாய் ஸ்டார்ட் பண்ணினார். கார்புரேட்டரைத் தொடவே இல்லை. தான் குடித்துக்கொண்டிருந்த டீ கிளாஸை சீட் மேல் வைத்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். டீ முதலில் வட்டவட்டமாய் நெளிந்தது. இன்னும் முறுக்கினார். கொதித்தது. கடைசியில் பாதி கிளாஸ் நுரை.

"கார்புரேட்டர் கிண்ணத்துல இப்ப என்ன நடக்குது, நீங்களே சொல்லுங்க சார்."

டேங்கிலிருந்து வரும் பெட்ரோல், கார்புரேட்டருக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் நிற்கும். அதில் மிதவை ஒன்று, மட்டம் ஏறினால் ஊசியை அழுத்தி வழியை அடைக்கும். ஜெட் அந்தக் கிண்ணத்தின் அடியிலிருந்து உறிஞ்சும். கிண்ணம் உதறினால் பெட்ரோல் நுரைக்கும். ஜெட்டுக்குப் போவது பாதி பெட்ரோல், பாதி காற்று. ஜெட்டை எவ்வளவு பெரிசாக்கினாலும் நுரை நுரைதான்!

உதறல் எங்கிருந்து? 7,500 ஆர்.பி.எம். என்றால் செகண்டுக்கு 125 சுற்று. 50 மில்லிமீட்டர் தூரத்துக்குள் பிஸ்டன் செகண்டுக்கு 250 தடவை நின்று திரும்புகிறது. அந்த ஆட்டத்தை அடக்க கிராங்க்கில் எதிர் எடை வைத்திருப்பார்கள். முழுசாக அடக்கும் அளவு வைத்தால் மேல்கீழ் ஆட்டம் நின்று, முன்பின் ஆட்டம் ஆரம்பித்துவிடும். ஆகவே ஒரு சமரசக் கணக்கு. (கூட்டணி ஆட்சி மாதிரி.) இதில் கனமான பிஸ்டனைக் கொண்டுவந்து நுழைத்தால், கணக்கு போட்ட இன்ஜினியர் என்ன செய்வார் பாவம்?

இது நம் ஊர்த் தொல்லை மட்டுமல்ல. கனடாவிலும் அமெரிக்காவிலும் பனியில் சீறும் ஸ்னோமொபைல் என்ற வாகனத்திலும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், மிக்குனி கார்புரேட்டர்தான் வெகுகாலம் கோலோச்சின. என் வண்டியிலும் மிக்குனிதான். அங்கேயும் இதே நுரைக் கதை. எஞ்சினை ரப்பர் மேல் உட்கார வைத்து, கார்புரேட்டரையும் ரப்பரில் பிடித்து நிறுத்தி சமாளித்தார்கள். குளிர்காற்று அடர்த்தியானது என்பதால் மைனஸ் முப்பதில் ஜெட்டும் பெரிசாக வேண்டும். சென்னைக்கு அந்தக் கவலை இல்லை.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தார். புது ஸ்லீவ் போட்டு பழைய அளவு பிஸ்டனுக்கே திரும்பினோம். (மச்சினன் ஓட்டு போடாமலே இது ஏகமனதாக நிறைவேறியது.) கிராங்க் லேத்துக்குப் போய் நேராகி வந்தது. பேரிங் புதுசு. எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று அளவில் சின்னது, துளைக்குள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. கார்புரேட்டர் பக்கத்து ரப்பர் வெடித்து, அந்த வழியாகவும் திருட்டுக் காற்று. இத்தனையும் முடித்து டீ கிளாஸ் பரீட்சையில் பாஸான பிறகுதான் கார்புரேட்டரில் கை வைத்தார். மிதவை மட்டம், ஊசி, கடைசியாக ஜெட்.

ஜெட்டில் ஒரு சைஸ் கூட்டினார். "இப்ப பெட்ரோல் பழைய பெட்ரோல் இல்ல சார்" என்றார். வாஸ்தவம். 2025-ல் இந்தியா 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டிவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆக, எத்தனால் கலந்ததைப் பழைய ஜெட் வழியாக விட்டால், காற்று கொஞ்சம் மிஞ்சும், கலவை மறுபடி மெலியும். தவிர, எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். பத்து நாள் வண்டி எடுக்கவில்லை என்றால் கிண்ணத்தைக் காலி செய்துவிடச் சொல்லியிருக்கிறார்.

இப்போது பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நல்ல காபிப்பொடி நிறம். வெளுத்திருந்தால் தாகம், கரியாய் நனைந்திருந்தால் அஜீரணம். எழுபதிலும் கண்ணாடியில் ஒரு லாரி, ஒரே லாரியாகத் தெரிகிறது.

மச்சினன் மட்டும் இன்னும் மின்சார ரயிலில்தான் வருகிறான்.