கண்காட்சி நகரங்களும் படுக்கை வரியும்

ஜெர்மன் மொழியில் வணிகக் கண்காட்சிக்கு ‘மெஸ்ஸே’ என்று பெயர். தேவாலயப் பூசையைக் குறிப்பதும் அதே சொல்தான். நம் ஊர்த் திருவிழாவை ஒட்டிக் கடைத்தெரு முளைப்பதுபோல், பூசைக்குக் கூட்டம் சேர்ந்த நாட்களில் அங்கே சந்தையும் கூடியது. பிராங்க்பர்ட் சந்தைக்கு வந்துபோகும் அனைவரும் தம் பாதுகாப்பில் இருப்பதாகப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் 1240-இல் சாசனம் வழங்கினார். அக்காலத்தில் வணிகருக்கு வழித்துணையாகக் காவலர் செல்வதுண்டு. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

இன்று அந்நகரில் ஜனவரிதோறும் வீட்டு உபயோகத் துணிகளுக்கான ‘ஹைம்டெக்ஸ்டில்’ கண்காட்சி நடக்கிறது. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு ஆகியவற்றை ஏற்றுமதி செய்யும் கரூர்க்காரர்களுக்கு இது முக்கியமான பயணம். ஸ்டால் வாடகையோடு செலவு முடிவதில்லை. சாம்பிள் பெட்டிகள், விமான டிக்கெட், 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்த ஷெங்கன் விசாக் கட்டணம், கண்காட்சி வாரத்தில் எகிறும் ஓட்டல் வாடகை என்று அது நீளும். ஜெர்மனியின் பல நகரங்களில் இவற்றோடு சேர்வது, இரவு தங்குவோரிடம் நகர நிர்வாகம் வசூலிக்கும் ‘படுக்கை வரி’.

இந்த வரி பரவியதற்கு ஒரு வரிக்குறைப்பே தூண்டுதல். 2010 ஜனவரியில் ஜெர்மனி, ஓட்டலில் தங்குவதற்கான மதிப்புக்கூட்டு வரியை 19 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைத்தது. வருவாய் இழந்த நகரங்கள் வேறு வழி தேடின. கொலோன் அந்த ஆண்டே வாடகையில் 5 சதவீத வரி விதித்தது. வழக்குகள் தொடர்ந்தன. தொழில் நிமித்தம் தங்குவது வருவாய் ஈட்டுவதற்கான செலவு, அதற்கு இந்த வரி பொருந்தாது என்று 2012-இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் சுற்றுலாப் பயணி வரி கட்டினார். வணிகப் பயணி, தாம் வந்தது வேலைக்காகத்தான் என்பதற்கு நிறுவனத்தின் சான்றைக் காட்டி விலக்குப் பெற்றார்.

2022-இல் அந்த வேறுபாடு சட்டக் கட்டாயமாக இல்லாமல் போனது. வணிகப் பயணிக்கும் இவ்வரியை விதிக்கலாம் என்று கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் கூறியது. 2014 முதல் 5 சதவீதம் வசூலித்துவந்த பெர்லின், 2024 ஏப்ரலில் வணிகப் பயணிகளின் விலக்கை நீக்கியது. 2025 ஜனவரியில் விகிதத்தை 7.5 சதவீதமாக உயர்த்தியது. உலகின் சுற்றுலாத் துறையினர் ஆண்டுதோறும் கூடும் ‘ஐடிபி’ கண்காட்சி நடப்பதும் அதே பெர்லினில்தான்.

வரியைக் கணக்கிடும் முறையும் முக்கியம். பிராங்க்பர்ட் 2018-இல் வரியை அறிமுகப்படுத்தியபோது ஓர் இரவுக்கு ஓர் ஆளுக்கு 2 யூரோ என்று நிலையான தொகை வைத்தது. பெர்லினில் வாடகையைப் பொறுத்து வரியும் ஏறும். சாதாரண நாளில் 100 யூரோவாக உள்ள அறை கண்காட்சி வாரத்தில் 200 யூரோ ஆகிறது என்று கொண்டால், நான்கு இரவுக்கான வரி 30 யூரோவிலிருந்து 60 யூரோவாகும். சதவீத முறையில் இன்னும் மேலே நிற்பது ஆம்ஸ்டர்டாம்: 2024 முதல் அங்கே 12.5 சதவீதம்.

கிடைக்கும் பணம் எங்கே போகிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. ஜெர்மனியின் ஓய்விட ஊர்களில் வசூலாகும் ‘குர்டாக்ஸே’ கட்டணம், அங்குள்ள பூங்கா, குளியல் கூடம் போன்ற வசதிகளுக்கே செலவாக வேண்டும். படுக்கை வரிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது நகரத்தின் பொது நிதியில் சேர்கிறது. அன்று வழித்துணைக் கட்டணம் கொடுத்த வணிகருக்குக் காவலராவது கூட வந்தார். இன்றைய ஏற்றுமதியாளருக்கு மிஞ்சுவது ஓட்டல் பில்லில் தனியாக அச்சான ஒரு தொகை. பையரிடம் ஒரு துண்டுக்கு இத்தனை சென்ட் என்று விலை சொல்லும்போது அதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.