சீட்டு கொடுப்பது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பெண் அமெரிக்காவிலிருந்து போன் பண்ணினாள். அவள் இருப்பது பென்சில்வேனியா மாநிலம். அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. பேரன் படிப்பு, என் சர்க்கரை அளவு எல்லாம் பேசி முடித்த பிறகு, "அப்பா, எனக்கு ஓட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்றாள்.

என்னம்மா விஷயம் என்று கேட்டேன். விவரமாகச் சொன்னாள்.

அங்கே தேர்தல் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் ஒவ்வொரு கட்சிக்கும் வேட்பாளர் யார் என்பதை மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அதற்குப் பிரைமரி என்று பெயர். நவம்பரில் நடப்பதுதான் நாம் நினைக்கிற தேர்தல். வாக்காளராகப் பதிவு செய்யும்போதே எந்தக் கட்சி என்று எழுதிக் கொடுக்கலாம், கட்சி இல்லை என்றும் எழுதலாம். என் பெண் கட்சி இல்லை என்று எழுதினாள். அவள் அம்மா வளர்ப்பு அப்படி. பென்சில்வேனியா சட்டப்படி, கட்சி எழுதாதவர்களுக்குப் பிரைமரியில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு கிடையாது. 2025 மே மாதம் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவுக்கான பிரைமரி நடந்தபோது அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

"நவம்பர்ல ரெண்டு பேர்ல ஒருத்தர எடுத்துக்கன்னு கொடுக்கறாங்கப்பா. அந்த ரெண்டு பேர் யாருன்னு முடிவு பண்றப்ப நான் வெளியில நிக்கறேன். தேர்தல் செலவுக்கு மட்டும் என் வரிப்பணம் வேணும்."

இதே காரணத்தைச் சொல்லிக் கட்சி சாராத வாக்காளர்கள் சிலர் 2025 ஜூலையில் அந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்களாம். தேர்தல் சுதந்திரமாகவும் சமமாகவும் நடக்க வேண்டும் என்று அந்த மாநில அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாதம்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு புரட்டியவன். ஒரு விஷயம் காதில் விழுந்தால் அதன் மறுபக்கத்தையும் பார்க்காமல் விடமாட்டேன். தேடிப் படித்தேன். கட்சிகள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நம் முத்தியால்பேட்டையில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தேர்தல் என்றால் உறுப்பினர்தான் ஓட்டுப் போடுவார். பங்குப் பணம் கட்டாதவன் வந்து நின்றால் "நீ யாருப்பா?" என்றுதானே கேட்போம்?

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அநேகமாக அந்த வழியில்தான் போயிருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தில் குடியரசுக் கட்சியே, கட்சி சாராதவர்களும் எங்கள் பிரைமரிக்கு வரட்டும் என்றது. மாநிலச் சட்டம் தடுத்தது. 1986-இல் நீதிமன்றம், கூப்பிடுவது கட்சியின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. கலிபோர்னியா மக்கள் 1996-இல் ஓட்டெடுப்பு நடத்தி, யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சிப் பிரைமரியிலும் ஓட்டுப் போடலாம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். கட்சிகள் வழக்குப் போட்டன. 2000-இல் அந்தச் சட்டம் செல்லாது என்று ஆகிவிட்டது. கட்சி அழைத்தால் போகலாம், அழைக்காத வீட்டுக்குள் நுழைய முடியாது.

ஆனால் கலிபோர்னியாக்காரர்கள் விடவில்லை. 2010-இல் கட்சிக்கு ஒரு பிரைமரி என்பதையே எடுத்துவிட்டார்கள். எல்லா வேட்பாளரும் ஒரே சீட்டில், எல்லா வாக்காளருக்கும் ஓட்டு, முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போவார்கள். சட்டமன்றத்துக்கும் காங்கிரஸுக்கும் இப்படித்தான். இதே மாதிரியான வாஷிங்டன் மாநில முறையை உச்ச நீதிமன்றம் 2008-லேயே ஏற்றுக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை என்றதும் வீட்டையே மாற்றிக் கட்டிவிட்டார்கள்!

இதை எதிர்வீட்டுச் சொல்தாவிடம் சொன்னேன். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் மகன் பாரிஸில் இருக்கிறான். 2016 நவம்பரில் அங்கே வலதுசாரிக் கட்சிகள் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் பிரைமரி வைத்தபோது, உறுப்பினராக இல்லாதவர்களும் இரண்டு யூரோ கொடுத்து, அவர்கள் கொள்கையை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு ஓட்டுப் போடலாம் என்றார்கள். நாற்பது லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். இவர் மகனும் போனான். 2021-இல் அதே கட்சி, உறுப்பினருக்கு மட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டது. "அது அவுங்க வூட்டுக் கதவு சார். தொறந்தாலும் அவுங்க இஷ்டம், மூடினாலும் அவுங்க இஷ்டம்" என்று சிரித்தார்.

சரி, நம் கதை என்ன?

நமக்குத் திறக்கவும் மூடவும் கதவே இல்லை. சீட்டு யாருக்கு என்பது டெல்லியிலோ சென்னையிலோ முடிவாகிறது. 2014-இல் காங்கிரஸ் கட்சி சில நாடாளுமன்றத் தொகுதிகளில் பிரைமரி நடத்திப் பார்த்தது. ஓட்டுப் போட்டவர்கள் கட்சிக்காரர்கள்தான். வதோதராவில் அப்படி ஜெயித்தவர் கடைசியில் இன்னொருவருக்காக விலகிக்கொண்டார். 2022-இல் பஞ்சாபில் ஆம் ஆத்மி கட்சி, முதல்வர் வேட்பாளர் யார் என்று போன் நம்பர் கொடுத்துப் பொதுமக்களையே கேட்டது. கேட்பதும் விடுவதும் கட்சியின் விருப்பம். சட்டத்தில் எதுவும் இல்லை. அதனால் வழக்குப் போடவும் இடமில்லை.

அப்படியானால் கட்சி இல்லாத ஒரு நல்ல மனுஷரை ஊர் எங்கே அடையாளம் காண்பது? எனக்குத் தெரிந்து ஒரே இடம் வார்டு. அதாவது நகராட்சித் தேர்தல். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் ஓடுகிறவர் யார், ஓடுகிற மாதிரி காட்டுகிறவர் யார் என்று தெருவுக்குத் தெரியும். அங்கே ஜெயித்தவரைத் தேடிக் கட்சி தானாக வரும். நமக்கு அதுதான் பிரைமரி.

அந்தப் பிரைமரி எங்களுக்கு எத்தனை தடவை நடந்தது என்கிறீர்கள்? பிரெஞ்சுக்காரன் 1880-லேயே இங்கே நகராட்சி கொண்டுவந்தான். ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், நமக்கு வேறு பட்டியல் என்று பாகுபாட்டோடுதான். சுதந்திரத்துக்குப் பிறகு 1968-இல் ஒரு தேர்தல். அடுத்தது 2006-இல். நடுவில் முப்பத்தெட்டு வருடம். 2011-இல் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாம் அதிகாரிகள் கையில்.

2006-ஐப் பற்றி எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. என் மனைவி தெருவில் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பாள். ரேஷன் கார்டு, விதவை உதவித்தொகை, குழாய் இணைப்பு, எதுவானாலும் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வார்டு என்று ஒதுக்கீடு வந்ததும், "அக்கா, நீங்க நில்லுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று தெருப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். எந்தக் கட்சிக் கொடியும் இல்லை. அவளுக்கும் ஆசை இருந்தது.

நான்தான் வேண்டாம் என்றேன். "நான் கவர்மெண்ட் வேலையில இருக்கேன். எதுக்கு வம்பு? நான் ரிட்டயர் ஆனதும் அடுத்த தடவை நில்லு" என்றேன்.

அடுத்த தடவை வரவில்லை. 2011-இல் கேட்டாள், "ஏங்க, எப்ப வைப்பாங்களாம்?" 2018-இல் உச்ச நீதிமன்றம் தேர்தலை நடத்தச் சொன்னபோது பேப்பரைக் கொண்டுவந்து காட்டினாள். 2020-இல் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மறு வருடம் நடந்தது இன்னும் வேடிக்கை. 2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த முத்தியால்பேட்டைத் தொகுதி, எந்தக் கட்சிச் சீட்டும் இல்லாத சுயேச்சை பிரகாஷ்குமாரை ஜெயிக்க வைத்தது. புதுச்சேரி முழுக்க ஆறு சுயேச்சைகள் வந்தார்கள். கட்சி யாரை நிறுத்தினால் என்ன, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மக்கள் சொன்ன மாதிரி இருந்தது. அதே வருடம் அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் என்று அறிவிப்பு வந்தது. வார்டு ஒதுக்கீட்டில் குளறுபடி என்று அந்தச் சுயேச்சை எம்.எல்.ஏ.வே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அடுத்த அறிவிப்பில் பிற்படுத்தப்பட்டோர், பழங்குடியினர் ஒதுக்கீடு இல்லை என்றதும் எதிர்க்கட்சியினர் நீதிமன்றம் போனார்கள். அதுவும் நின்றது.

வழக்குப் போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒதுக்கீடு சரியாக இருக்க வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அங்கே அமெரிக்காவில் வழக்குப் போடுவது கதவைத் திறக்க. இங்கே ஒவ்வொரு வழக்கும் நியாயமாகவே இருந்து, கதவு மட்டும் மூடியே இருக்கிறது. தப்பைத் திருத்தித் தேதி குறிக்க வேண்டியவர்கள் குறிக்கவில்லை.

சாயந்திரம் மணிக்கூண்டிலிருந்து மெதுவாக நடந்து கடற்கரைக்குப் போனால் மேரி கட்டிடம் தெரியும். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் பழையபடியே கட்டி 2021-இல் திறந்தார்கள். வெள்ளை வெளேரென்று அழகாக நிற்கிறது. உள்ளே உட்கார நாம் அனுப்பிய ஆள்தான் ஒருவரும் இல்லை.

பெண்ணிடம் அடுத்த வாரம் சொல்லப் போகிறேன். "உனக்காவது நவம்பர்ல ரெண்டு பேரு கெடைக்கறாங்கம்மா. இங்க உங்க அம்மா பதினாலு வருஷமா வேட்புமனு படிவத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கா."