சுக்கான் இடம் மாறிய வரலாறு

தமிழாசிரியனிடம் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டால், வருவது கம்பனைப்பற்றியதாகவோ வள்ளுவனைப்பற்றியதாகவோ இருக்கும் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. நாம் ஈண்டு எழுதப் புகுவதோ ஒரு மோட்டார்ப் படகின் சுக்கானைப்பற்றி. அப்படகைச் செலுத்துபவர் இக்கல்லூரியின் பழைய மாணவர். எம்மிடம் தமிழ் கற்றவர். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவர். தம் பெயர் அச்சேறுதல் வேண்டா என்று கேட்டுக்கொண்டமையால் அவரைத் தம்பி என்றே குறிப்போம்.

மலைநாட்டானுக்குப் படகு ஏது என்று வினவுவோர் உளர். பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிற் பிறக்கும் கல் ஓயா, கிழக்கு நோக்கி இறங்கிக் கல்முனைக்குத் தெற்கே கடலை அடைகிறது. பட்டிப்பளை ஆறு என்பது அதன் பழைய தமிழ்ப் பெயர். 1949 ஆம் ஆண்டிலே கல் ஓயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்று, இங்கினியாகலையில் அவ்வாற்றுக்குக் குறுக்கே அணை எழுந்தது. முதற் பிரதமரின் பெயரால் அந்நீர்த்தேக்கம் சேனநாயக்க சமுத்திரம் எனப்பட்டது. அதனைச் சூழ்ந்த காடு 1954 இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆகவே, தம்பி தமது லயத்துக்கு மேலே பெய்த மழையின்மீதே படகோட்டுகிறார் என்று நாம் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. பசறை, லுணுகலை, பிபிலை வழியாகப் பஸ் ஏறிச் சென்றால் அவரைக் காணலாம். யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்லும் காட்சியே அங்குப் பயணிகள் விரும்பி வருவது.

இனிச் சுக்கானுக்கு வருவோம். படகு பதினெட்டு அடி நீளமுள்ள பைபர் படகு. பின்புறத்தில் 25 குதிரைவலு அவுட்போட் எஞ்சின். அவ்வெஞ்சினிலிருந்து நீண்டு வரும் பிடியே சுக்கானும் வேகமுமாக இருந்தது. தம்பி கடைசிப் பலகையில் அமர்ந்து, உடலை முறுக்கி, இடக்கையைப் பின்னே நீட்டி நாள் முழுவதும் அதனைப் பற்றியிருத்தல் வேண்டும். நீர் வற்றும் ஆவணி, புரட்டாசி மாதங்களில், அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே மறைந்து நிற்கும். முன்னே எட்டுப் பயணிகள். யானை தென்பட்டதும் எண்மரும் எழுந்து நிற்பர். "எனக்குத் தெரிவது முதுகும் குடையுந்தான், சேர்" என்றார் தம்பி. எமது முதற் பயணத்தில் நாமும் எழுந்து நின்றோம் என்பதை மறைப்பானேன்?

இடத்தோள் இரவில் உறங்கவிடவில்லை. படகை விட்டுவிட்டுக் கொழும்பிலே கடைவேலைக்குப் போகலாமா என்று அவர் எம்மைக் கேட்டது அந்நாளிலேதான். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சென்ற வழி அது. போகச் சொல்லவும் மனமில்லை. இருக்கச் சொல்லவும் வகையறியோம்.

அவரோ சுக்கானையே இடம் பெயர்க்கத் துணிந்தார். படகுச் சொந்தக்காரர் முதலில் இணங்கவில்லை. நடுவிலே சக்கரம் வைத்தால் இரண்டு இருக்கைகள் குறையுமென்பது அவர் கணக்கு. அதுவும் பொய்க் கணக்கன்று. ஈற்றில், பழைய சக்கரமும் கேபிளும் வேகத்தடியுங் கொண்ட தொகுதியொன்று மலிவாகக் கிடைத்தபின் உடன்பட்டார். அம்பாறையிலிருந்து வந்த மெக்கானிக் அவற்றைப் படகின் நடுவில், வலப்பக்கத்திற் பூட்டினார். வலப்பக்கத்துக்குக் காரணமுண்டு. இவ்வெஞ்சின்களின் விசிறி பெரும்பாலும் வலஞ்சுழியாகச் சுற்றுவதால் படகு இடப்புறம் சாய முனையும். ஓட்டுபவரின் பாரம் வலத்தே இருந்தால் அது சமனாகும். அன்றியும், குறுக்கே வரும் இரு படகுகளுள், மற்றதைத் தன் வலப்பக்கத்திற் காண்பதே விலகிச் செல்லவேண்டும் என்பது கடல்வழி விதி. எனவே அப்பக்கம் நன்கு தெரிதல் வேண்டும்.

ஆனால் கை எளிதிற் பாடத்தை மறப்பதில்லை. பழைய பிடியை வலப்புறம் தள்ளினால் படகு இடப்புறம் திரும்பும். சக்கரமோ திருப்பிய பக்கமே படகைத் திருப்பும். தம்பி ஒரு கிழமை பயணிகளை ஏற்றாமல் வெறும்படகிலேயே பழகினார். ஐந்தாம் நாள் பட்ட மரமொன்று திடீரெனத் தோன்ற, கை பழைய வழியே போயிற்று. படகின் விலா உரசிப் பூச்சுப் பெயர்ந்தது. அன்று எட்டுப் பேர் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் எமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இம்மயக்கம் தம்பிக்கு மாத்திரம் உரியதன்று. மேனாட்டார் கப்பல்களிற் சுக்கான் ஒருகாலத்தில் வலப்பக்கத்தில் தொங்கிய பெருந்துடுப்பாகவே இருந்தது. வலப்பக்கத்தை ஸ்டார்போர்ட் என வழங்குவது அத்துடுப்பு இருந்த பக்கம் என்னும் பொருளிலேயே. பின்னர் அது பின்னணியத்துக்கு நடுவே போயிற்று. அதன்பின் சக்கரம் வந்தது. சக்கரம் வந்தும் ஆணைச்சொல் மாறவில்லை. 1912 இல் டைட்டானிக் பனிமலையைக் கண்டபோது பிறந்த ஆணை, சொல்லளவில், 'வலம்' என்பதே. பழைய மரபுப்படி அதன் பொருள் பிடியை வலத்தே தள்ளுக என்பதாகலின் கப்பல் இடப்புறம் திரும்பிற்று. 1929 இல் இலண்டனிற் கூடிய கடற்பாதுகாப்பு மாநாடே, கப்பல் திரும்பவேண்டிய பக்கத்தையே ஆணை சுட்டுதல் வேண்டும் என வகுத்தது. நம் சுக்கான் என்ற சொல்லும் அராபியிலிருந்து வந்ததே. சுக்கான் பிடிப்போனுக்கு மீகாமன் என்னும் அழகிய தமிழ்ச்சொல் உண்டு. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி ஈழத்துக்கு வந்து வெடியரசனோடு பொருத மீகாமன் கதையை நம் முன்னோர் பாடியும் ஆடியும் வந்தனர். தம்பியை நாம் மீகாமன் என்றே அழைக்கத் தொடங்கினோம், அவர் நாணினார்.

சக்கரம் கைக்குப் படிந்தபின் வேறொரு குறை புலப்பட்டது. வேகத்தடி முழங்காலுக்கருகே, மிகத் தாழ்வாக இருந்தது. பழைய கேபிள் அவ்வளவுக்கே எட்டியதால் மெக்கானிக் அங்கே பூட்டியிருந்தார். வேகத்தைக் குறைக்கக் குனிந்தால் கண் நீரை விட்டு அகலும். குறைக்கவேண்டிய கணமோ கண் நீரிலேயே இருக்கவேண்டிய கணம். அலையில் முழங்கால் தட்டினாலும் தடி நகர்ந்துவிடும்.

இவ்விடத்தில் தம்பியின் தந்தையாரைக் குறிப்பிடல் தகும். அவர் தோட்டத்து ஸ்டோரில் உருளை இயந்திரங்களைப் பார்த்தவர். மேலே ஓடும் ஒரே தண்டிலிருந்து பெல்ட்டுகள் இறங்கி எல்லா இயந்திரங்களையும் சுழற்றிய காலம். ஓடும் பெல்ட்டுக்கு மேலாகக் கையை நீட்டினால்தான் எட்டக்கூடிய நிறுத்துபிடி, பிடியே அன்று என்பது அவர் கட்சி. மகன் அதனை மறந்தாரில்லை. இருக்கையில் அமர்ந்தார், கண்ணை மூடினார், சக்கரத்தை இடக்கையாற் பற்றி, வலக்கையை இயல்பாக விழவிட்டார். கை விழுந்த இடத்தில் வெண்கட்டியாற் கோடு. பத்துமுறை செய்தார், பத்துக் கோடுகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கின. அவ்விடம் பழைய இடத்துக்கு ஒரு சாண் மேலே, நான்கு விரற்கடை பின்னே. உடனே துளையிடவுமில்லை. மட்டைப்பெட்டியை வெட்டி ஒரு போலித்தடி செய்து ஒட்டி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார். பைபரில் இட்ட துளை நீருக்கு வாசல் என்பதை அறிந்தவர் அவர்.

புதிய இடத்துக்குப் பழைய கேபிள் போதாது. இடையில் ஒட்டுப்போடவும் ஆகாது. நெருக்கி வளைத்தால் இறுகிவிடும். சைக்கிள் பிரேக் கம்பியை மடித்துக் கெடுத்தோர் இதனை அறிவர். வளைவு எட்டு அங்குல ஆரைக்குக் குறையாதபடி நீண்ட புதுக் கேபிள் வாங்கவேண்டியதாயிற்று. அச்செலவில் ஒரு பாதியை மூன்று மாதச் சம்பளத்திற் கழித்துக்கொள்ளும்படி தம்பியே சொன்னார். இது எமக்கு உடன்பாடன்று, படகு அவருடையதன்றே! "தோள் என்னுடையது, சேர்" என்றார். நாம் வாய்மூடினோம். பழைய துளைகளைப் பிசின் இட்டு அடைத்தார். ஓட்டுபவர் நீரில் வீழ்ந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றின் ஆளியையும் தடிக்கு அருகே கொணர்ந்தார்.

ஓட்டுபவர் முன்னே வந்தமையால் புறப்படும்போது படகின் முகம் முன்போல் மேலெழுவதில்லை. இருக்கைகள் ஆறாயின. இருப்பினும் அங்குள்ள முதிய படகோட்டி ஒருவர் இன்றும் பழைய பிடியையே விரும்புகிறார். நீரின் போக்கும் விசிறியிற் கொடி சிக்குவதும் தம் உள்ளங்கைக்குத் தெரியும் என்கிறார். கேபிள் அதனைச் சொல்லாது என்பது மெய்யே. தனியே மீன்வலை போடுவோனுக்கு அவர் சொல்வது பொருந்தும் என்று தம்பியும் ஒப்புக்கொள்கிறார்.

வேகத்தடியின் மூன்று நிலைகளையும் தமிழில் எழுதித் தருமாறு அவர் எம்மைக் கேட்டபோது எமக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. 'முன்' எனவும் 'பின்' எனவும் உடனே சொன்னோம். நடுநிலைக்கு 'நொதுமல்' என்னும் பழஞ்சொல்லை எடுத்துரைத்து, அதன் வழக்கையுஞ் சிறிது விளக்கினோம். தம்பி பொறுமையாகக் கேட்டார். பின்னர் தூரிகையை எடுத்து, "பலகை சின்னது, சேர்" என்று சொல்லி, 'நடு' என்றெழுதினார். கீழே சிங்களத்தில் எழுதியவர் அந்த முதிய படகோட்டி.